ரோட்டோடு நின்ற பாறை

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷ ப்ராஜெக்ட்டுக்கு மற்ற கல்லூரிகளில் தலைப்பைத் தருவார்கள். எங்கள் துறையில் ஊரைத் தந்தார்கள். அதுவும் அவரவர் சொந்த ஊரை. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளும் வந்து படிக்கிற கல்லூரி அது. நிலவியல் துறைக்கென்று இருந்த ஒரே ஜீப் ஷெட்டில் கிடந்து அதற்குள் கோழி முட்டையிடும் நிலைக்கு வந்திருந்தது. வெளியூருக்குப் பெண்பிள்ளையை அனுப்பினால் அப்பன்மார் வந்து கேள்வி கேட்பார்கள். இதற்கெல்லாம் சேர்த்துத் துறைத்தலைவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். லேபில் இரண்டு மாவட்டத்தின் வரைபடத்தையும் சுவரில் மாட்டிக் கட்டம் கட்டமாகக் கோடு போடுவார். யார் வீடு எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்தக் கட்டம் அவருக்கு. அதற்குள் என்ன பாறை இருக்கிறது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நடந்து பார்த்து வரைந்து கொடுக்க வேண்டும். "அவனவன் வூட்டு வாசல அவனவன் கூட்டுங்க" என்பார். எங்களுக்கும் அதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. பஸ் செலவு மிச்சம், மதியம் வீட்டுச் சாப்பாடு.

கட்டம் பிரித்த அன்று லேபில் ஒரே கூத்து. செட்டிகுளத்துப் பையன், தன் கட்டத்தில் கோயில் மலையைத் தவிர வேறொன்றும் இல்லை, முருகன் மேல் எப்படிச் சுத்தியலைப் போடுவது என்று புலம்பினான். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு முந்திரிக் கொல்லையும் செம்மண்ணும் கிடைத்தன. கட்டம் முழுக்கத் தேடினாலும் நாயை விரட்ட ஒரு கல் அகப்படாது. என் கட்டத்தைப் பார்த்து எல்லோருக்கும் வயிறெரிந்தது. பாதிக் கட்டத்தைச் சிமெண்ட் கம்பெனியின் சுண்ணாம்புக்கல் சுரங்கம் அடைத்துக்கொண்டிருந்தது. மைன்ஸ் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். பாறையைத் தேடி அலைய வேண்டாம், வெட்டிய சுவரில் அடுக்கடுக்காகத் தெரியும். "உனக்கென்னடி, சோத்தையும் போட்டு கொழம்பையும் ஊத்திக் குடுத்துட்டாரு" என்றாள் முந்திரிக் கொல்லைக்காரி. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த மைன்ஸின் ஒரு மூலை எங்கள் நிலம் என்று அவளிடம் சொல்லவில்லை.

நிலம் என்பது பழக்கத்தில் வருகிற வார்த்தை. இப்போது அது பள்ளம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது கம்பெனி வாங்கியது. பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்த கரிசல் காடு. வீட்டுக்கு ஒருவருக்கு நிரந்தர வேலை என்றார்கள். அப்பா இன்றைக்கும் காண்ட்ராக்டில்தான் இருக்கிறார். மைன்ஸ் கேட்டில் லாரிக்குத் தடுப்புக் கம்பைத் தூக்கி இறக்குகிற வேலை. தன் சொந்தக் காட்டுக்குள் போகிற லாரிக்குத் தானே கம்பைத் தூக்கி விடுகிறார் என்று நான் ஒருமுறை சொல்லப்போய், அம்மா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

நிலத்துக்கு வந்த பணத்தை வைத்து எல்லோரும் மெத்தை வீடு கட்டிக்கொண்டார்கள். எங்கள் தெரு முழுக்க அப்படிக் கட்டியதுதான். காடு போச்சு, வூடு இருக்கு என்பது தெருவின் ஆறுதல். மைன்ஸுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு தார் ரோடு. மதியம் வெடி வைத்தால் அலமாரியில் டம்ளர் கிணுகிணுக்கும். மருமகள்கள் புதிதாக வந்தால் முதல் வாரம் பயப்படுவார்கள், பிறகு அதையே மணியாக வைத்துக்கொண்டு உலை ஏற்றுவார்கள்.

துறையில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. கட்டம் கிடைத்ததும் அதற்குள் என்ன செய்யப் போகிறோம் என்று மூன்று தலைப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். கமிட்டி உட்கார்ந்து ஒன்றை எடுக்கும். சீனியர்கள் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்றே ஒன்றுதான். உனக்குப் பிடித்ததை முதலில் எழுது, கொஞ்சம் பிடித்ததை இரண்டாவதாக எழுது, மூன்றாவதை எதையாவது போட்டு நிரப்பு, எப்படியும் மூன்றாவதைத்தான் எடுப்பார்கள். நான் இதை நம்பவில்லை. மைன்ஸ் ஆழமாக ஆழமாக எங்கள் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் எப்படி இறங்கியது என்பதை முதலில் எழுதினேன். பாறையில் இருக்கிற கடல் கிளிஞ்சல்களைப் பற்றி இரண்டாவது. மூன்றாவது இடத்தை நிரப்ப வேண்டுமே என்று, சுண்ணாம்புக்கல் படுகை எதுவரை பரவியிருக்கிறது என்று ஒரு வரி எழுதிப்போட்டேன். யோசிக்காமல் எழுதிய வரி. அதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு டீ கூடக் குடித்திருக்க முடியாது.

கமிட்டி என்றால் துறைத்தலைவர், இரண்டு ஆசிரியர்கள், தொழில் துறையிலிருந்து ஒருவர். அந்த ஒருவர் எங்கள் ஊர் மைன்ஸில் நிலவியல் பார்க்கிற அதிகாரி. கல்லூரியைச் சோதிக்க வருகிற குழு, பாடத்தில் தொழிற்சாலைக்கும் பங்கு இருக்கிறதா என்று கேட்கிறதாம். அதற்காக அவரைச் சேர்த்திருந்தார்கள். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். குரலை உயர்த்த மாட்டார். அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்தால்தான் மைன்ஸுக்குள் நம்மை விடுவார்கள். அதற்கு ஈடாக ஒரு வழக்கம். ப்ராஜெக்ட் முடிந்ததும் ஒரு காப்பி துறைக்கு, ஒரு காப்பி பல்கலைக்கழகத்துக்கு, ஒரு காப்பி கம்பெனிக்கு. யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. எந்த விதியிலும் அது கிடையாது. துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல யாரும் கேள்வி கேட்காமல் நடந்துகொண்டிருந்தது.

என் முறை வந்தது. துறைத்தலைவர் முதல் தலைப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தண்ணி வேண்டாம்மா. தண்ணின்னா தகராறு. நாளைக்கி எவனாவது கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போனா, துறைதான பதில் சொல்லணும்."

"சார், நான் சும்மா அளந்துதான் சார்..."

"அளக்கறதுதாம்மா பிரச்சனையே."

இரண்டாவது தலைப்பைப் படித்து, கிளிஞ்சலைப் போன வருஷமே ஒருத்தன் செய்துவிட்டான் என்றார். மூன்றாவதைக் கம்பெனி அதிகாரியிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு, "இது உபயோகமா இருக்குங்க சார்" என்றார். யாருக்கு உபயோகம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பச்சை மையில் டிக் விழுந்தது. வெளியே வந்ததும் சீனியர் ஒருவன், "சொன்னேன்ல" என்று பல்லைக் காட்டினான். எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

களப்பணி தை மாதம் தொடங்கியது. சுத்தியல், திசைகாட்டி, செல்போன், தண்ணீர் பாட்டில். மைன்ஸ் சுவரில் பாறை அடுக்குகள் கிழக்கே பார்த்து மெல்லச் சாய்ந்திருந்தன, சாய்த்து வைத்த முறம் மாதிரி. கிழக்கே என்றால் ரோடு. ரோட்டைத் தாண்டினால் எங்கள் தெரு. முறத்தின் மேல் விளிம்பைக் கம்பெனி தின்றுகொண்டிருக்கிறது, கீழ் விளிம்பு எங்கே போகிறது என்பதுதான் என் ப்ராஜெக்ட். முதல் வாரத்திலேயே விடை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிட்டது. பாறைக்குத் தார் ரோடு தெரியாது, தெரு தெரியாது. ஆனாலும் மேலே மண் மூடியிருக்கிறது, கண்ணால் பார்க்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கண்ணால் பார்க்க வைத்தது பெரியம்மா. பக்கத்து வீடு. அப்பாவின் அண்ணன் இறந்த பிறகு ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். மகனுக்குப் பெண் அமைந்திருந்தது. வருகிற பெண்ணுக்குத் தனி ரூமும் ரூமோடு சேர்ந்த பாத்ரூமும் வேண்டும் என்று பெண் வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பெரியம்மா அதற்கு செப்டிக் டேங்க் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். ஒரு மதியம் நான் சாப்பிட வந்தபோது முந்தானையில் எதையோ மூடிக்கொண்டு சந்தோஷமாக வந்தாள்.

"இந்தா பாப்பா, நீ கிளிஞ்ச கிளிஞ்சன்னு காடு காடா சுத்துறியே. நம்ம வூட்டுக் குழியிலயே வண்டி வண்டியா கெடக்குது."

உள்ளங்கை அளவுக் கல் கிளிஞ்சல்கள். மைன்ஸ் சுவரில் எந்த அடுக்கில் பார்த்தேனோ அதே கிளிஞ்சல்கள். குழிக்குள் எட்டிப் பார்த்தேன். இடுப்பளவு ஆழத்துக்குக் கீழே மஞ்சள் கலந்த வெள்ளையில் சுண்ணாம்புக்கல், கத்தியால் நறுக்கியது போலக் கிழக்கே சாய்ந்து இறங்கியது. சாய்மானத்தை அளந்தேன். மைன்ஸில் அளந்ததே வந்தது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இவ்வளவு சுத்தமான சான்று இருக்காது. ஒரு நிமிஷம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, அதை மறைப்பானேன். படித்தது பலிக்கிறபோது வருகிற மகிழ்ச்சி. அடுத்த நிமிஷம் குழியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்து பெரியம்மா என்னவென்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. மைன்ஸில் இருக்கிற கல்தான் இங்கேயும் இருக்கிறது என்றேன். அவள் கையிலிருந்த கிளிஞ்சலைப் பாம்பைப் போடுவது போல் கீழே போட்டாள்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் நிலத்தைக் கம்பெனி வாங்குவதற்கு முந்தின வருஷம், பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், இதே கல்லூரியில் படித்தவன், இதே மாதிரி சுத்தியலோடு எங்கள் காடுகளில் நடந்திருக்கிறான். யார் வீட்டுத் தண்ணீரையும் கேட்டு வாங்கிக் குடித்து, ஏ அண்ணே, ஏ அக்கா என்று பழகிய பையன். அவன் போனான், கம்பெனி வந்தது. அவன் வரைந்து கொடுத்துத்தான் கம்பெனிக்குத் தெரிந்தது என்று இரண்டு ஊரும் இன்றுவரை நம்புகிறது. அவனால் ஊரில் தலைகாட்ட முடியவில்லை. எங்கோ வெளிநாட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்வார்கள். அவன் அம்மா காதுகுத்து, கல்யாணம் எதற்கும் வருவதில்லை. அந்தப் பையனும் தன் கட்டத்தைத்தான் கூட்டினான்.

அன்று சாயங்காலம் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக் கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தார்.

"பெரியம்மா சொல்றது மெய்தானா?"

"மெய்தான்ப்பா."

"நம்ம வூட்டுக்குக் கீழயுமா?"

"ஆமா."

குனிந்து தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரை. எங்கள் காட்டின் கல்தான் போய்ச் சிமெண்டாகித் திரும்பி வந்து அந்தத் தரையானது என்று சின்ன வயதில் என்னிடம் வேடிக்கையாகச் சொன்னவர் அவர்.

"நீ எழுதுனாத்தான பாப்பா அவனுங்களுக்குத் தெரியும்? எழுதாத."

"மார்க்கு போடுறவங்க கேப்பாங்கப்பா."

"கேட்டா இல்லன்னு சொல்லு. மண்ணுக்குக் கீழ இருக்கறத எவன் பாத்தான்?"

மண்ணுக்குக் கீழே இருப்பதைப் பார்ப்பதற்காகத்தான் என்னை அவர் இத்தனை வருஷம் படிக்க வைத்தார். அதை அவரிடம் சொல்ல மனசு வரவில்லை. மறுநாள் காலையில் பெரியம்மா ஆளை விட்டுக் குழியில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டாள். ரூம் கட்டும் வேலையை நிறுத்தினாள். நாளைக்குப் போகப்போகிற வீட்டுக்கு இன்றைக்கு யாராவது ரூம் கட்டுவார்களா? கல்யாணம் தள்ளிப் போயிற்று. தெருவில் என்னைப் பார்க்கிற பார்வை மாறியது. கடைக்குப் போனால் பேச்சு நிற்கும். யாரும் திட்டவில்லை. நல்லா படிக்கிறியா பாப்பா என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவ்வளவு கனமாக இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

நிலவியலில் பாறையைத் திடீரென்று நிறுத்துவதற்கு ஒரு மரியாதையான வழி உண்டு. ஃபால்ட். பூமி எப்போதோ அசைந்ததில் பாறை ஒரு கோட்டில் உடைந்து, ஒரு பக்கம் கீழே இறங்கிப் போய்விடும். கோட்டுக்கு இந்தப் பக்கம் மேலாகத் தெரிகிற கல் அந்தப் பக்கம் எட்டாத ஆழத்துக்குப் போயிருக்கும். நான் என் வரைபடத்தில் ஒரு ஃபால்ட்டை வரைந்தேன். தார் ரோட்டின் மேலேயே, தெருவின் முனையிலிருந்து முனைவரை. ரோட்டுக்கு மேற்கே சுண்ணாம்புக்கல்லுக்குரிய நீலம் தீட்டினேன். கிழக்கே எங்கள் தெருவும் அதற்கப்பால் ஏரியும் வெறும் மண் நிறம். அதற்கு வேண்டிய சான்றுகளையும் நானே உண்டாக்கினேன். இல்லாத கிணற்றில் இல்லாத களிமண். எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. உண்மைதான் அறிவியல் என்று வகுப்பில் சொல்லித் தந்தவர்கள் யாருடைய வீட்டுக்குக் கீழேயும் சுண்ணாம்புக்கல் இல்லை. எல்லோரும் திருச்சியில் அபார்ட்மெண்டில் இருக்கிறார்கள்.

எனக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்தவர் தற்காலிக ஆசிரியை. தினம் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். வருஷாவருஷம் ஜூன் மாதத்தில் வேலை இருக்கிறதா இல்லையா என்று துறைத்தலைவர் வாயைப் பார்த்து நிற்கிறவர். வரைபடத்தை மேஜையில் விரித்து நெடுநேரம் பார்த்தார். விரலை ஃபால்ட்டின் மேல் ஓட்டினார்.

"ரோட்டோட சரியா நின்னுருச்சு பாரு பாறை" என்றார். "ஹைவேஸ்காரன் போட்ட ரோட்டுக்கு அவ்வளவு மரியாதை."

நான் வரைபடத்தின் சுருண்ட ஓரத்தை அழுத்திப் பிடித்தேன்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் உங்க வூடா?"

"ஆமாங்க மேடம்."

பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"நான் களத்துக்கு வந்து பாக்கலம்மா. துறையில வண்டி இல்ல. நீ சொன்னத நம்பிக் கையெழுத்துப் போடுறேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

போட்டார். அந்தக் கையெழுத்துக்காக நான் அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். விஷயம் பெரிதாகியிருந்தால் அவர் வேலைதான் முதலில் போயிருக்கும், அது அவருக்கும் தெரியும்.

நான் வீட்டுக்கு வந்து எழுதிவிட்டேன் என்றேன். எப்படி என்று அப்பா கேட்டார். ரோட்டோடு கல் முடிந்துவிட்டது என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். "எழுத்துல இருக்குல்ல?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். பெரியம்மா அன்று ராத்திரியே எங்களுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். தெரு மறுபடி என்னோடு பேச ஆரம்பித்தது. மாரியம்மன் கோயிலில் யாரோ என் பேருக்கு அர்ச்சனை செய்து திருநீறு கொண்டுவந்து கொடுத்தார்கள். நானும் இட்டுக்கொண்டேன். மடத்தனம் என்னவென்றால், தெரு நம்பியதைப் பார்த்துப் பார்த்து எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு காப்பி கம்பெனிக்குப் போகும், அவர்கள் அதைப் பார்ப்பார்கள், ரோட்டோடு நின்றுகொள்வார்கள். அந்தப் பையன் எழுதி ஊரைக் கெடுத்தான், நான் எழுதி ஊரைக் காப்பாற்றினேன். கண்ணாடி முன்னால் நின்று இப்படியெல்லாம் கூட நினைத்திருக்கிறேன்.

வாய்மொழித் தேர்வு சித்திரை வெயிலில் நடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தேர்வாளர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். சுண்ணாம்புக்கல் எந்தக் காலத்தது, எந்தக் கடல் என்று கேட்டுவிட்டு, நன்று என்றார். கம்பெனி அதிகாரியும் அழைப்பின் பேரில் வந்திருந்தார். என் வரைபடத்தை அவர் முன்னால் நானே விரித்தேன். அவர் ஃபால்ட்டைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

வெளியே எல்லோரும் வடையும் டீயுமாக நின்றபோது அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உங்க அப்பா நம்ம கேட்லதான இருக்காரு?"

"ஆமாங்க சார்."

"நல்ல மனுஷன்." டீயை ஊதிக் குடித்தார். "அந்த ஃபால்ட் அங்க இல்லம்மா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாங்க போர் போட்டுப் பாத்தாச்சு. நீங்கல்லாம் ஸ்கூல் போயிட்டிருந்த சமயம். தண்ணிக்கு போர் போடுறோம்னு சொல்லித்தான் போட்டது. உங்க தெருவத் தாண்டி ஏரி வரைக்கும் போவுது. நல்ல தரமான கல்லு."

எனக்கு நினைவு வந்தது. குடிதண்ணீர் தருகிறோம் என்று கம்பெனி தெருவில் அங்கங்கே போர் போட்டது. மிட்டாய் கொடுத்தார்கள். தண்ணீர் வரவில்லை என்று மூடிவிட்டுப் போனார்கள். பாவம், அவர்களும் என்ன செய்வார்கள், நம் ஊர் ராசி அப்படி என்று பெரியம்மாதான் அப்போது அவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள்.

"அப்படின்னா எங்க படம்லாம் எதுக்குங்க சார் வாங்குறீங்க?"

கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"கல்லூரியோட ஒரு தொடர்பு இருக்கணுமில்ல. அலமாரியில வைப்போம். யாராவது வந்தா காட்டுவோம்." பிறகு, "மார்க்கெல்லாம் நல்லாவே போட்டாச்சு, நீ கவலப்படாத. பைண்டிங் பண்றதுக்கு முன்னாடி அந்த எல்லைய மட்டும் சரி பண்ணிடு. நம்ம பேர் போட்ட புத்தகத்துல தப்பு இருக்கக்கூடாது" என்றார். காலி கப்பைத் தேடிப்போய்க் குப்பைத் தொட்டியில் போட்டார்.

துறைத்தலைவரிடம் அதற்குள் சொல்லிவிட்டிருந்தார். திருத்தாமல் பைண்டிங்குக்கு அனுமதி இல்லை, பைண்டிங் இல்லாமல் டிகிரி இல்லை. லேபில் உட்கார்ந்தேன். என் வழிகாட்டி மேடம் நீலப் பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து மேஜையில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஃபால்ட் கோட்டை அழித்தேன். தார் ரோட்டைத் தாண்டி நீலத்தை இழுத்தேன். முனை வீடு, டீக்கடை, மாரியம்மன் கோயில், பெரியம்மா வீடு, எங்கள் வீடு, கடைசியாக ஏரி. யாருக்கும் பயன்படாத உண்மையை அவ்வளவு சுத்தமாக, கோட்டுக்கு வெளியே ஒரு பிசிறில்லாமல் தீட்டினேன். அழுகையை விட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது அப்பா ஸ்டாப்பில் காத்திருந்தார்.

"என்ன பாப்பா, கண்டுபுடிச்சாங்களா?"

வழியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். போர் போட்டதையும், மோர் குடித்ததையும், ஏரி வரை நீலம் போனதையும். அப்பா நின்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மைன்ஸின் விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கின. அவர் தினமும் கம்பைத் தூக்கி விடுகிற லாரிகளில் அந்த போர் வண்டியும் போயிருக்கும் என்று அவர் நினைத்தாரோ என்னவோ.

"எப்ப வருவானுங்களாம்?"

"அது சொல்லலப்பா."

"உனக்கு பாஸு போட்டுட்டாங்கல்ல?"

"போட்டுட்டாங்க."

"அப்ப வா."

தெருவுக்குள் திரும்பியதும் பெரியம்மா வீட்டு முன்னால் செங்கல் இறக்கியிருந்தது தெரிந்தது. மணலும் வந்திருந்தது. நிறுத்தி வைத்த ரூமை மறுபடி தொடங்கியிருந்தாள். மூடிய குழியையும் திறந்தாயிற்று. கல்யாணத்துக்குப் புதுத் தேதி குறித்துவிட்டார்கள். கொத்தனார் முளை அடித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் போவதற்குள் நூல் பிடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று பெரியம்மா அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா தாயி? நீ எழுதிக் குடுத்த தைரியத்துலதான் கல்ல இறக்குனேன்."

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் கையைப் பிடித்து மெல்ல அழுத்தினார். "முடிஞ்சுது அண்ணி" என்று அவரே பதில் சொன்னார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் மேற்கு முளையில் குந்தி, கொத்தனார் நீட்டிய நூலை வாங்கிக்கொண்டார். கிழக்கு முனையைப் பிடிக்க ஆள் இல்லை. "படிச்ச புள்ள பிடிக்கட்டும், ராசியா இருக்கும்" என்று பெரியம்மா நூலை என் கையில் கொடுத்தாள். கொத்தனார் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். இழுத்துப் பிடித்தேன்.